ஒரு கைம்பெண்ணின் ஷரத்து: ஷ்விட்னிட்சா சிற்றரசு நின்ற கதையும் கைமாறிய கதையும்

1350-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு நிச்சயதார்த்தம் பேசி முடிக்கப்பட்டது. பெண்ணுக்கு 11 வயது. மாப்பிள்ளைக்கு 11 மாதம். மாப்பிள்ளையின் தகப்பனார் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி) மன்னர் நான்காம் சார்லஸ்; ஜெர்மானிய மன்னர் பட்டமும் அவரிடம்தான் இருந்தது. பெண்ணின் பெயர் அன்னா. தகப்பன் இறந்துவிட்டார். பெரியப்பா போல்கோவுக்கு வாரிசு இல்லை. அதனால் அன்னாவைக் கட்டுகிறவனுக்கு ஒரு நாடே சீதனமாகப் போகும் என்பது அக்கம்பக்கத்து அரசவைகள் எல்லாவற்றுக்கும் தெரிந்திருந்தது.

அந்த நாடு ஷ்விட்னிட்சா-யாவோர். இன்றைய போலந்தின் தென்மேற்கு மூலையில், சைலீசியா என்ற நிலப்பரப்பில், செக் எல்லையாக நிற்கும் சூடெட்டன் மலைகளின் வடக்குச் சரிவை ஒட்டி அது கிடந்தது. ஐரோப்பிய மொழிகளில் 'டச்சி' என்று சொல்வதை இங்கே சிற்றரசு என்றே எழுதுகிறேன். அதை ஆண்ட 'ட்யூக்' நமக்குச் சிற்றரசர்.

இந்தச் சிற்றரசைப் பற்றி வழக்கமாக ஒரே வரிதான் சொல்வார்கள்: சைலீசியாவில் கடைசிவரை யாருக்கும் அடிபணியாமல் இருந்தது, பிறகு ஒரு கல்யாணத்தால் பொஹீமியாவுக்குப் போனது. வரி சரிதான். ஆனால் கல்யாணம் நடந்தது 1353-இல். நாடு உண்மையில் கைமாறியது 1392-இல். இடையில் 39 ஆண்டுகள். அந்த 39 ஆண்டுகளில் கடைசி 24 ஆண்டுகள் அங்கே ஆட்சி நடத்தியது மன்னரோ மன்னரின் ஆளோ இல்லை, ஆக்னெஸ் என்ற கைம்பெண். அவர் எப்படி அங்கே உட்கார முடிந்தது என்று கேட்டுக்கொண்டு பின்னோக்கிப் போனால், இந்தச் சிற்றரசின் கதை முழுவதும் வேறு மாதிரித் தெரிகிறது. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பாகப்பிரிவினையில் பிறந்த நாடு

எல்லாம் ஓர் உயிலில் தொடங்குகிறது. போலந்தை ஆண்ட பியாஸ்ட் வம்சத்தின் மூன்றாம் போலெஸ்வாஃப் 1138-இல் இறக்கும்போது நாட்டைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மூத்தவர் விளாதிஸ்வாஃபுக்குச் சைலீசியா கிடைத்தது. எல்லோருக்கும் மேலே இருக்கும் தலைமையும் கிடைத்தது. தலைமையை அவரால் காப்பாற்ற முடியவில்லை. 1146-இல் தம்பிமார் அவரை நாட்டைவிட்டே துரத்தினார்கள். அவருடைய பிள்ளைகள் 1163-இல்தான் சைலீசியாவுக்குத் திரும்பினார்கள். அன்றிலிருந்து சைலீசியப் பியாஸ்டுகள் தனிக் கிளை.

அந்தக் கிளையின் மிகப் பெரிய அடி 1241 ஏப்ரல் 9-இல் விழுந்தது. லெக்னிட்சா போர்க்களத்தில் மங்கோலியரை எதிர்த்து நின்ற இரண்டாம் ஹென்றி கொல்லப்பட்டார். அவருக்குப் பிறகு சைலீசியா ஒரே கையில் இருக்கவில்லை. பிள்ளைகள் பிரித்தார்கள், பேரப்பிள்ளைகள் இன்னும் பிரித்தார்கள். பங்காளிச் சண்டை என்பது என்ன என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை: ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பிரிவினை, ஒவ்வொரு பிரிவினைக்கும் ஒரு படையெடுப்பு.

லெக்னிட்சாவில் இறந்தவரின் பேரன் முதலாம் போல்கோ. 1278-இல் தகப்பன் போனபோது அவருக்குக் கிடைத்தது யாவோரைச் சுற்றிய பகுதி. 1290-இல் வ்ரோட்ஸ்வாஃப் நகரத்தை ஆண்ட நான்காம் ஹென்றி வாரிசில்லாமல் இறந்தார். அந்த இடத்துக்கு முதலாம் போல்கோவின் அண்ணன் ஐந்தாம் ஹென்றி வந்தார். பங்காளியான க்வோகூஃப் சிற்றரசர் விடவில்லை. தனக்குத்தான் பாத்தியதை என்றார். அண்ணனுக்குத் தம்பியின் துணை வேண்டியிருந்தது. தம்பி துணை கொடுத்தார், விலையும் வாங்கினார்: ஷ்விட்னிட்சா, ஜெம்பிட்செ, ஸ்ட்ஷெலின் என்று மலையடிவாரம் முழுக்க அவர் கைக்கு வந்தது. ஷ்விட்னிட்சா சிற்றரசு என்று நாம் சொல்வது இப்படி உருவானதுதான்.

அண்ணனின் கதை பரிதாபமாக முடிந்தது. 1293-இல் எதிரிகள் அவரைக் கடத்திக்கொண்டு போய் ஓர் இரும்புக் கூண்டில் அடைத்தார்கள். நிமிர்ந்து நிற்கவும் முடியாது, காலை நீட்டிப் படுக்கவும் முடியாது. மூச்சுக்கு ஒரு திறப்பு, கழிவுக்கு ஒரு திறப்பு. ஏறக்குறைய ஆறு மாதம் அதில் கிடந்தார். நிலத்தையும் பெரும்பணத்தையும் எழுதிக் கொடுத்த பிறகே வெளியே வந்தார். உடம்பு தேறவேயில்லை. 1296 பிப்ரவரியில் இறந்துபோனார். சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தம்பியின் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்.

ஒரு சிற்றரசருக்கு எல்லாவற்றையும்விட ஆபத்தானவன் யார் என்பதை அந்தக் கூண்டு முதலாம் போல்கோவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கோட்டை கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார். மலை விளிம்பில் நிற்கும் க்ஷோன்ஷ் கோட்டை அவர் காலத்தது. 'க்ஷோன்ஷின் பிரபு' என்பதைத் தன் பட்டங்களில் ஒன்றாகவே வைத்துக்கொண்டார். அவர் பெயரையே தாங்கிய போல்கூஃப் கோட்டையின் கோபுரம் இன்றும் நிற்கிறது. வட்டக் கோபுரம்தான், ஆனால் தாக்குதல் வரக்கூடிய பக்கத்தில் மட்டும் கப்பலின் முன்முனை போலக் கூராக நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். எறிந்த கல் அந்தக் கூர்விளிம்பில் பட்டால் பக்கவாட்டில் சறுக்கிப் போய்விடும். போலந்தில் இந்த மாதிரிக் கோபுரத்தைப் பார்ப்பது மிக அரிது.

மலைக் கணவாயின் வாயிலில் காமியென்னா கூரா என்ற ஊரை வலுப்படுத்தியவரும் அவர்தான். அந்த ஊரின் ஜெர்மன் பெயரான லாண்டெஸ்ஹூட் என்பதற்கு 'நாட்டின் காவல்' என்றே பொருள். பொஹீமியாவிலிருந்து படை வந்தால் முதலில் கால் வைக்க வேண்டிய இடம் அது. பக்கத்திலேயே க்ஷெஷூஃபில் 1292-இல் சிஸ்டெர்சியத் துறவிகளுக்கு ஒரு மடம் அமைத்தார். 1301 நவம்பர் 9-இல் இறந்தபோது அந்த மடத்தில்தான் அடக்கம் செய்தார்கள்.

பிள்ளைகள் சிறுவர்கள். தாய்மாமன், பிராண்டன்பர்க்கின் ஹெர்மன் காரியம் பார்த்தார். பெரியவர்கள் ஆனதும் அவர்களும் பிரித்துக்கொண்டார்கள்: மூத்தவர் பெர்னார்டுக்கு ஷ்விட்னிட்சா, அடுத்தவர் ஹென்றிக்கு யாவோர், இளையவர் போல்கோவுக்கு ஜெம்பிட்செ. பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால் குழப்பம் வரும். இந்த ஜெம்பிட்செ போல்கோ நம் கதாநாயகன் இல்லை. நம் கதாநாயகன் பெர்னார்டின் மகன்.

உறவு என்ற கோட்டை

பெர்னார்டின் மகனை வரலாறு இரண்டாம் போல்கோ, 'சிறிய போல்கோ' என்று சொல்கிறது. உயரம் குறைவு என்பதால் வந்த பெயர். அது தாய்வழி வந்த உயரமாகவும் இருக்கலாம். அம்மா குனிகுண்டாவின் தகப்பனார், சிதறிய போலந்தை மீண்டும் ஒன்றாக்கி 1320-இல் கிராக்கோவில் முடிசூடிய விளாதிஸ்வாஃப் வொகியெதெக். 'வொகியெதெக்' என்றால் முழங்கை அளவு மனிதர் என்று அர்த்தம்!

1326-இல் தகப்பன் இறந்து இரண்டாம் போல்கோ பட்டத்துக்கு வந்தபோது சைலீசியாவின் நிலைமை மோசம். தெற்கே பொஹீமியாவில் லக்சம்பர்க் வம்சத்து ஜான் ஆண்டுகொண்டிருந்தார். போலந்தின் முடியும் தனக்கே சேரும் என்று சொல்லிக்கொண்டிருந்த ஜானுக்கு, துண்டு துண்டாகிக் கிடந்த சைலீசியா எளிய இரை. 1327-இல் ஓப்போலே பக்கத்துச் சிற்றரசர்கள் வரிசையாகப் போய் அவருக்கு அடிபணிந்து உறுதிமொழி கொடுத்தார்கள். அதே ஆண்டு வ்ரோட்ஸ்வாஃபின் ஆறாம் ஹென்றியும் (கூண்டில் கிடந்தவரின் மகன்) கையெழுத்துப் போட்டார். அவருக்கு மகன் இல்லை. தனக்குப் பிறகு வ்ரோட்ஸ்வாஃப் ஜானுக்கு. அதற்குப் பதிலாக ஆயுள் உள்ளவரை க்வோட்ஸ்கோ நிலப்பகுதியும் ஆண்டுக்கு ஒரு தொகையும் அவருக்கு. 1329-இல் லெக்னிட்சா உட்பட இன்னும் பல சிற்றரசுகள் விழுந்தன.

விழாமல் நின்றவர்களில் ஒருவர் க்வோகூஃபின் ப்ஷெம்கோ. 1331 ஜனவரியில் அவர் திடீரென்று இறந்துபோனார். அவர் மனைவி கான்ஸ்டன்ஸ், இரண்டாம் போல்கோவின் உடன்பிறந்தவள். கணவன் விட்டுச்சென்ற க்வோகூஃபில் அவளுக்கு உரிமை இருந்தது. ஜான் அந்த உரிமையை மதிக்கவில்லை. அதே ஆண்டு படையோடு வந்து நகரத்தை எடுத்துக்கொண்டார். கான்ஸ்டன்ஸ் கடைசியில் போலந்தின் தெற்கே ஸ்தாரி சொன்ச் என்ற ஊரின் கன்னிமடத்தில் சேர்ந்தாள். இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஆக்னெஸ் பற்றிய நம் கேள்வியின் சாவி இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1335-இல் ட்ரென்சின் என்ற ஊரில் போலந்துக்கும் பொஹீமியாவுக்கும் ஒப்பந்தம். வொகியெதெக்கின் மகன் கசிமீர் அப்போது போலந்து மன்னர். இரண்டாம் போல்கோவுக்குத் தாய்மாமன். மாமனுக்கும் மருமகனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. போலந்து முடிமீதான உரிமைகோரலை ஜான் கைவிட வேண்டும். அதற்கு விலையாக, 60 காசு ஒரு கட்டு என்று 20,000 கட்டு பிராக் வெள்ளிக்காசு பேசப்பட்டது. ஏற்கனவே ஜானுக்கு அடிபணிந்துவிட்ட சைலீசியச் சிற்றரசுகளை கசிமீர் விட்டுக்கொடுத்தார். இந்த விட்டுக்கொடுத்தல் 1339-இல் உறுதியானது. கசிமீரை இதற்காகத் திட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வடக்கே ட்யூட்டானிய வீரர் சங்கம் என்ற ஜெர்மானியத் துறவி-வீரர் அமைப்பு கழுத்தில் கத்தி வைத்திருந்த நேரத்தில், கையில் இல்லாததைத்தான் அவர் கொடுத்தார். அடிபணியாத ஷ்விட்னிட்சாவும் யாவோரும் அந்தக் கணக்கில் வரவில்லை.

1336-இல் ஜெம்பிட்செ போல்கோவும், அதாவது நம் போல்கோவின் சித்தப்பாவும், பணிந்தார். அவருக்குக் கிடைத்ததும் அதே க்வோட்ஸ்கோதான், அதுவும் ஆயுள் உள்ளவரை. முந்தைய ஆண்டுதான் வ்ரோட்ஸ்வாஃபின் ஆறாம் ஹென்றி இறந்து அந்த நிலம் பொஹீமியாவிடம் திரும்பி வந்திருந்தது. ஒரே நிலத்தைத் தூண்டிலில் மாட்டி இரண்டு மீன் பிடித்திருக்கிறார்கள்.

அப்படியானால் நம் போல்கோ மட்டும் எப்படி நின்றார்? மலையும் கோட்டைகளும் ஒரு காரணம். பணமும் ஒரு காரணம்: ஷ்விட்னிட்சா நகரத்துப் பீருக்கு அன்று அவ்வளவு பெயர். வ்ரோட்ஸ்வாஃப் நகர்மன்றத்தின் நிலவறையில் இருக்கும் மதுக்கூடத்துக்கு இன்றுவரை 'ஷ்விட்னிட்சா நிலவறை' என்றே பெயர். ஆனால் கோட்டையும் பணமும் மற்றவர்களிடமும் இருந்தன. மற்றவர்களிடம் இல்லாதது உறவு. ஒரு பட்டியல் போலப் பார்க்க வேண்டாம், ஒரு கல்யாண வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களாகப் பாருங்கள். தாய்மாமன் போலந்து மன்னர். அம்மாவின் தங்கை எலிசபெத், அதாவது சித்தி, ஹங்கேரியின் அரசி. காலமான அத்தை பியாட்ரிக்ஸைக் கட்டியிருந்தவர் புனித ரோமப் பேரரசர் பவேரியாவின் லூயி. அவரோ லக்சம்பர்க் குடும்பத்தின் பரம எதிரி. 1338-இல் போல்கோ கட்டிக்கொண்ட ஆக்னெஸ் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துப் பெண்; அவளுடைய சித்தப்பா ஆஸ்திரியாவை ஆண்ட இரண்டாம் ஆல்பிரெக்ட். பொஹீமியாவைச் சுற்றியுள்ள நான்கு அரசவைகளிலும் போல்கோவுக்கு ஒரு நாற்காலி இருந்தது.

கணவாயில் வந்த வண்டிகள்

போர் வராமல் இருக்கவில்லை. 1345 தொடக்கத்தில், ஜானின் மகன் சார்லஸ் வடக்கே சிலுவைப்போருக்குப் போய்விட்டுப் போலந்து வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். கலிஷ் நகரத்தில் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ள கசிமீரும் போல்கோவும் திட்டமிட்டார்கள். சார்லஸுக்கு வாடை தட்டிவிட்டது. வ்ரோட்ஸ்வாஃபிலிருந்து குதிரைவீரர்களை வரவழைத்து, நகரத்தைவிட்டு நழுவிவிட்டார். அவர் பெயரில் வழங்கும் வாழ்க்கைக் குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது.

ஜான் அப்போது பார்வை இழந்திருந்தார். கோபம் குறையவில்லை. ஷ்விட்னிட்சா மீது படையெடுத்தார். தலைநகரம் விழவில்லை, ஆனால் கணவாயின் பூட்டான காமியென்னா கூரா பொஹீமியர் கைக்குப் போய்விட்டது.

அடுத்த ஆண்டு, 1346-இல், இரண்டு சாவுகள் எல்லாவற்றையும் மாற்றின. கிரெசி போர்க்களத்தில் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்று சண்டையிட்ட குருட்டு மன்னர் ஜான் ஆகஸ்ட் 26-இல் இறந்தார். மகன் சார்லஸ் பட்டத்துக்கு வந்தார். அதே ஆண்டு யாவோரை ஆண்ட சித்தப்பா ஹென்றி பிள்ளையில்லாமல் இறந்தார்; யாவோரும் போல்கோவின் கைக்கு வந்தது. ஒரு தலைமுறைக்கு முன் பிரிந்த ஷ்விட்னிட்சாவும் யாவோரும் ஒன்றாயின. பாகம் பிரிந்துகொண்டே போன சைலீசியாவில் ஒரு சிற்றரசு பெரிதானது அபூர்வம்.

1348-இல் போல்கோ காமியென்னா கூராவை மீட்டார். மீட்ட விதத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. வணிகர் வண்டிகள் சில நகரவாயிலுக்கு வந்தன. மலைப்பாதையில் சரக்கு வண்டி வருவது அன்றாடம். காவலர் கதவைத் திறந்தார்கள். உள்ளே நுழைந்ததும் சரக்குக்கு அடியிலிருந்து எழுந்தது ஆயுதம் தாங்கிய ஆட்கள். தாத்தா முதலாம் போல்கோ வலுப்படுத்திய ஊரைப் பேரன் வண்டிகளை விட்டு வாங்கியிருக்கிறார்.

பெண்ணும் பத்திரமும்

சார்லஸ் தகப்பனைப் போல இல்லை. வாளால் ஆகாததைப் பேனாவால் முடிக்கத் தெரிந்தவர். 1350 ஆகஸ்டில் சமாதானம் வந்தது. நடுவராக உட்கார்ந்தவர் ஆஸ்திரியாவின் ஆல்பிரெக்ட். இரு தரப்புக்கும் இடையே நடுநிலையானவர் என்று வெளியே சொல்லலாம். வீட்டுக்குள் அவர் ஆக்னெஸின் சித்தப்பா.

அந்தச் சமாதானத்தின் தொடர்ச்சிதான் முதலில் சொன்ன நிச்சயதார்த்தம். போல்கோவின் தம்பி ஹென்றி 1340-களின் நடுவில் இறந்திருந்தார். அவருடைய ஒரே மகள் அன்னா ஹங்கேரியின் புடா அரண்மனையில் வளர்ந்துகொண்டிருந்தாள். வளர்த்தவர் பாட்டியின் தங்கையான அரசி எலிசபெத். 11 மாதக் குழந்தை வென்செஸ்லாஸுக்கு அவளைப் பேசினார்கள். 1351 டிசம்பரில் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. 1353 பிப்ரவரியில் சார்லஸின் இரண்டாவது மனைவியும் இறந்தார். அடுத்த நான்கே மாதத்துக்குள், மே 27-இல், சார்லஸே புடாவுக்குப் போய் அன்னாவைக் கட்டிக்கொண்டார். அவருக்கு 37 வயது, அவளுக்கு 14. மாமனாராக வரவிருந்தவர் கணவராக வந்தார். அந்தச் சிறுமியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை எத்தனை முறை படித்தாலும் மனசு கனக்கிறது.

இப்போது கல்யாணத்தோடு எழுதிய பத்திரத்துக்கு வருவோம். போல்கோவுக்கு ஆண் வாரிசு பிறக்காவிட்டால் ஷ்விட்னிட்சாவும் யாவோரும் அன்னாவுக்கும் அவள் வழிப் பிள்ளைகளுக்கும் போகும். ஆனால் எப்போது? போல்கோ உயிரோடு இருக்கும்வரை ஆட்சி அவருடையது. அவருக்குப் பிறகு, மனைவி ஆக்னெஸ் உயிரோடு இருக்கும்வரை ஆட்சி ஆக்னெஸுடையது. அதன் பிறகே பொஹீமியா.

வ்ரோட்ஸ்வாஃபின் ஆறாம் ஹென்றியும் ஆண் வாரிசில்லாதவர், அவரும் தனக்குப் பின் நாட்டைக் கொடுத்தவர்தான். ஆனால் அவர் வாழும்போதே அடிபணிந்தார். போல்கோ கடைசிவரை பொஹீமிய மன்னருக்கு உறுதிமொழி கொடுக்கவில்லை. மகள் முறையாகும் தம்பி மகளைக் கொடுத்தார். அதனால் சார்லஸ் அவருக்கு மேலதிகாரி ஆகவில்லை. மருமகன் முறை ஆனார். எட்டு ஆண்டுகளுக்கு முன் கலிஷில் பிடித்துவைக்கப் பார்த்த அதே சார்லஸ்.

கைம்பெண்ணின் ஷரத்தை எழுதும்போது போல்கோவின் மனதில் கான்ஸ்டன்ஸ் இருந்தாள் என்றே நான் நம்புகிறேன். பத்திரத்தில் அப்படி ஒரு வரி இராது. இது என் ஊகம். ஆனால் உடன்பிறந்தவள் கணவனை இழந்த சில மாதங்களில் ஊரையும் இழந்து மடத்துக்குப் போனதைப் பார்த்த ஒருவர், தன் மனைவிக்கு வாய்வார்த்தை போதாது என்று நினைத்திருப்பார். க்வோகூஃபில் கான்ஸ்டன்ஸின் உரிமை மிதிக்கப்பட்டபோது கேட்க ஆளில்லை. ஆக்னெஸின் உரிமையை மன்னரே பத்திரத்தில் ஒப்புக்கொண்டார்; பின்னால் ஆஸ்திரியா நின்றது.

அன்னா 1353 ஜூலையில் பிராகில் பொஹீமியாவின் அரசியாக முடிசூட்டப்பட்டாள். 1354 பிப்ரவரியில் ஆஹென் நகரில் ஜெர்மானிய அரசியாக. 1355 ஏப்ரல் 5-இல் ரோமில் பேரரசியாக. மலையடிவாரத்துச் சிற்றரசின் பெண் 16 வயதுக்குள் மூன்று முடி சூடினாள். 1358-இல் ஒரு பெண் குழந்தை பிறந்ததும், அந்தச் செய்தியை இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்குக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தாள். அவர் பதில் எழுதினார்: முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்ததற்காக மகிழ்ச்சி குறைய வேண்டாம் என்று தேற்றிவிட்டு, வரலாற்றில் பெயர்பெற்ற பெண்களை வரிசையாக நினைவூட்டினார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. ஆண் வாரிசுக்காக ஓர் அரசவையே காத்துக் கிடந்த நேரத்தில் பெண் பிறந்ததைத் தானாக எழுதித் தெரிவித்த அந்த 19 வயதுப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்துப்போகிறது.

1361-இல் நியூரம்பர்க்கில் மகன் பிறந்தான். மீண்டும் அதே பெயர், வென்செஸ்லாஸ். 1362 ஜூலை 11-இல், அடுத்த பிரசவத்தில் அன்னா இறந்தாள். 23 வயது. பிராகின் புனித விட்டுஸ் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே உயரத்துச் சுவர்வரிசையில் இருக்கும் கல் முகங்களில் அவள் முகமும் ஒன்று.

24 ஆண்டுகள்

போல்கோ சும்மா இருக்கவில்லை. வாரிசில்லாதவர் இனி எதற்குச் சேர்க்க வேண்டும் என்று நினைக்காமல், வாங்கியும் அடமானம் பிடித்தும் நிலத்தைப் பெருக்கிக்கொண்டே போனார். 1364-இல் மேற்கே கீழ் லுசேஷியாவும் அவர் ஆட்சிக்கு வந்தது. ஷ்விட்னிட்சாவில் அவர் காலத்தில் எழுந்த பெரிய தேவாலயம் புனித ஸ்தானிஸ்வாஃபுக்கும் புனித வென்செஸ்லாஸுக்கும் உரியது. முதலாமவர் போலந்தின் காவல் புனிதர், அடுத்தவர் பொஹீமியாவின் காவல் புனிதர். இரண்டு நாடுகளுக்கு நடுவே நின்றவர் தன் ஊர்க் கோயிலில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். 100 மீட்டரைத் தாண்டும் அதன் கோபுரம் பிற்காலத்தில் முடிந்தது.

அவருக்கு ஒரு மகன் இருந்தான் என்றும், அரசவைக் கோமாளி விளையாட்டாக எறிந்த கல் பட்டு அவன் செத்துப்போனான் என்றும் அந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். கதைதான். ஆனால் ஒரு நாடு பிள்ளையில்லாமல் போனதை ஊர் எப்படித் தாங்கிக்கொண்டது என்பது அந்தக் கதையில் தெரிகிறது. யாரோ ஒருவர்மேல் பழி போட்டால்தான் ஆறும்.

1368 ஜூலை 28-இல் போல்கோ இறந்தார். தாத்தாவைப் போலவே க்ஷெஷூஃபில் அடக்கம். அங்கே 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய பரோக் நினைவுமண்டபத்தில் தாத்தாவின் கல்லறையும் பேரனின் கல்லறையும் இன்றும் இருக்கின்றன.

மற்ற இடங்களில் இந்த நிமிடத்தில் படை வந்திருக்கும். ஷ்விட்னிட்சாவில் வரவில்லை. சார்லஸ் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டார். ஆக்னெஸ் சிற்றரசியாக ஆட்சியைத் தொடர்ந்தார். நியமனங்களும் கொடைப் பத்திரங்களும் அவர் முத்திரையில்தான் போயின. 1378-இல் சார்லஸும் இறந்தார். அவருடைய மகன் வென்செஸ்லாஸ் மன்னரானார். கிழவி எப்போது கண்ணை மூடுவாள் என்று பிராகில் நினைத்திருப்பார்கள். ஆக்னெஸ் அவசரப்படவில்லை. 1392 பிப்ரவரியில் அவர் இறந்தபோது போல்கோ போய் 24 ஆண்டுகள் ஆகியிருந்தன, பத்திரம் எழுதி 39 ஆண்டுகள்.

வந்து எடுத்துக்கொண்ட வென்செஸ்லாஸ் யார்? அன்னாவின் மகன். பெர்னார்டின் கொள்ளுப்பேரன். முற்றிலும் அந்நியர் என்று சொல்ல முடியாது; அவர் உடம்பில் ஓடியதும் ஷ்விட்னிட்சா இரத்தம்தான். பியாஸ்ட் பெயர் போயிற்று, பியாஸ்ட் இரத்தம் பிராக் அரண்மனையில் இருந்தது.

களிமண் கோயில்கள்

இந்தப் பத்திரத்தின் கடைசி விளைவு வந்தது மூன்று நூற்றாண்டுகள் கழித்து. யாரும் அதை 1353-இல் நினைத்திருக்க முடியாது.

லெக்னிட்சா போன்ற சிற்றரசுகள் அடிபணிந்தவை; ஆனால் அங்கே பியாஸ்ட் சிற்றரசர்கள் பொஹீமிய மன்னருக்குக் கீழே தொடர்ந்து ஆண்டார்கள். கடைசியாக ஆண்ட சிறுவன் 1675-இல்தான் இறந்தான். அடிபணியாத ஷ்விட்னிட்சா-யாவோரில் நிலைமை தலைகீழ். மன்னர் அதை வாரிசுரிமையாகப் பெற்றதால், இடையில் சிற்றரசர் யாரும் இல்லை. மன்னரே நேரடி உடைமையாளர். அவருடைய பிரதிநிதி ஒருவர் நிர்வாகம் பார்த்தார். 1526-இல் பொஹீமியாவின் முடி ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குப் போனபோது இந்த நிலமும் சேர்ந்தே போனது.

பிறகு மதச் சீர்திருத்தம், முப்பதாண்டுப் போர். சைலீசியாவில் பெரும்பாலான மக்கள் லூதரன்கள் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்), ஹாப்ஸ்பர்குகள் கத்தோலிக்கர். 1648-இல் வெஸ்ட்பாலியா சமாதானம் வந்தபோது, தனிச் சிற்றரசர்கள் இருந்த லெக்னிட்சா, ப்ஷெக் போன்ற இடங்களில் லூதரன்களின் வழிபாட்டு உரிமை நிலைத்தது. மன்னரின் நேரடி உடைமையான இடங்களில் கோயில்களை இழந்தார்கள். அவர்களுக்கு மூன்றே மூன்று புதுக் கோயில்கள் அனுமதிக்கப்பட்டன: க்வோகூஃபில் ஒன்று, யாவோரில் ஒன்று, ஷ்விட்னிட்சாவில் ஒன்று. கான்ஸ்டன்ஸ் இழந்த ஊரும், ஆக்னெஸ் காத்த இரண்டு ஊர்களும்.

அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன. நகரச் சுவருக்கு வெளியே, பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவில் கட்ட வேண்டும். கல், செங்கல் கூடாது. மரம், களிமண், மணல், வைக்கோல் மட்டும். கோபுரம் கூடாது, மணி கூடாது. ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். செலவு அவர்களுடையது.

யாவோர்க்காரர்கள் 1655-இல் முடித்தார்கள். ஷ்விட்னிட்சாக்காரர்கள் 1656-இல் தொடங்கி அடுத்த ஆண்டு முதல் வழிபாட்டை நடத்தினார்கள். தடித்த ஓக் மரச்சட்டங்களை ஒன்றோடொன்று பூட்டி, இடைவெளியில் வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி எழுப்பிய சுவர்கள் அவை. உள்ளே அடுக்கடுக்காக மாடங்கள். ஷ்விட்னிட்சா கோயிலில் 7,500 பேர் கொள்ளும். க்வோகூஃப் கோயில் 1758-இல் எரிந்துபோயிற்று. யாவோரிலும் ஷ்விட்னிட்சாவிலும் இருப்பவை, நிலைக்கக் கூடாது என்றே விதிக்கப்பட்ட அந்தக் களிமண் சுவர்களோடு, இன்றும் நிற்கின்றன. 2001-இல் யுனெஸ்கோ இரண்டையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.